காஞ்சிபுரம் வட்டாரத்தில் சிறு பண்ணையும் தற்சார்பு வீடும்

காஞ்சிபுரம் வட்டாரச் சிறு பண்ணை என்பது ஓரிரு ஏக்கர் நிலம், அதற்கு நீர் தரும் ஏரி அல்லது கிணறு, ஒன்றிரண்டு கறவை மாடுகள், வீட்டை ஒட்டிய கொல்லை ஆகியவை சேர்ந்த குடும்ப அளவிலான வேளாண்மை ஆகும். அரசுக் கணக்கின்படி இரண்டரை ஏக்கர் வரை நிலம் உள்ளவர் குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. பட்டுச் சேலைக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே வீட்டில் தறியும் நிலமும் இருப்பதுண்டு. தறிக்கூலி குறையும் மாதங்களில் நிலம் சோறு போடுகிறது. மழை பொய்த்த ஆண்டில் தறி கைகொடுக்கிறது. பெருமழைக் காலத்தில் மட்டும் இரண்டும் ஒருசேரத் தடுமாறும். தறிக்குழியில் நீர் ஊறி நெசவு நின்றுவிடும், தாழ்ந்த வயலில் பயிர் மூழ்கும். ஆகவே இங்கு பண்ணையைத் திட்டமிடுபவர் விதையையும் எருவையும் பற்றி யோசிப்பதற்கு முன்பே நீரைப் பற்றி யோசிக்க வேண்டியுள்ளது.

ஏரியும் வயலும்

இவ்வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கும் ஆறுகள். மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரப்பி வைக்க முன்னோர் கண்ட வழி ஏரி. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் வந்தது இதனால்தான். 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்த பின்னும், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. நூறு ஏக்கருக்கும் குறைவாகப் பாசனம் தரும் சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் தனியே உள்ளன.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்து இக்கல்வெட்டுகள் கூறும் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏரியைத் தூர் வாருவதும் கரையைக் காப்பதும் ஊர்ச்சபையின் நேரடிப் பணியாக இருந்துள்ளன. உத்திரமேரூருக்கு நீர் தந்த வயிரமேகத் தடாகம் அதற்கும் முந்தைய பல்லவர் காலத்தது.

ஏரிப் பாசன நிலத்தை வாங்குபவரும், முன்னோரிடமிருந்து பெற்று முதன்முறையாகப் பயிர் செய்ய வருபவரும் முதலில் அறிய வேண்டியது தம் வயல் எந்த மதகின் கீழ் உள்ளது, தலைமடையிலா கடைமடையிலா என்பதே. தலைமடை வயலுக்கு நீர் முந்தி வரும்; கரையின் கசிவும் சேர்ந்துகொள்வதால் மழைக்காலத்தில் வடியாது. அங்கே கத்தரி, மிளகாய் போன்ற தோட்டப் பயிர்களை மழைக்கு முன் வைத்தால் வேர் அழுகும். கடைமடைக்கு நீர் பிந்தி வரும், குறை ஆண்டில் வராமலும் போகும். அங்கே நெல்லை நம்பி இறங்குவதைவிட, நீர் வந்தால் நெல், வராவிட்டால் உளுந்து என்று இரண்டு விதையையும் கையில் வைத்திருப்பது நல்லது. நெல் ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் கேட்கும். நிலக்கடலைக்கு அதில் பாதி போதும், உளுந்துக்குக் கால் பங்கு.

மதகைத் திறந்து வயல்தோறும் முறைவைத்து நீர் விடும் நீர்ப்பாய்ச்சி என்னும் பொறுப்பாளர் பல ஊர்களில் இருந்தார். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். அவருக்கு அறுவடையில் நெல்லாகக் கூலி தரும் வழக்கம் உண்டு. மோட்டார்க் கிணறு வந்த பின் இந்தக் கூலி வீண் செலவாகத் தோன்றத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1990 முதல் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் கிடைப்பதால் தனித்தனிக் கிணறே எளிது என்ற எண்ணம் வலுப்பட்டது. ஆனால் ஏரி நிரம்பாத ஆண்டில் அதன் கீழுள்ள கிணறுகளிலும் நீர் இறங்கிவிடும். கிணறு வைத்திருப்பவரும் ஏரியின் பங்காளிதான். ஏரி வேலைக்கு ஆள் கூப்பிடும்போது அவர் ஒதுங்கி நிற்பதில் நியாயமில்லை.

ஊர்கூடி ஏரியைப் பராமரிக்கும் பழைய குடிமராமத்து முறையைத் தமிழ்நாடு அரசு 2017 மார்ச்சில் இம்மாவட்டத்து மணிமங்கலத்தில் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு முதல் ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க அனுமதியும் கிடைக்கிறது. நன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் நிலத்துக்கு 90 கன மீட்டர் என்பது வரம்பு. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம். பாலாற்றை ஒட்டிய மணற்பாங்கான நிலத்துக்கு வண்டல் நல்ல மருந்து; நீரைப் பிடித்து வைக்கும். ஏற்கெனவே களியாக உள்ள வயலில் வண்டலைக் கொட்டினால் வடிகால் இன்னும் கெடும். இலவசம் என்பதற்காக எல்லோரும் அள்ளிப் போட வேண்டிய பொருள் அன்று.

பருவமும் நெல்லும்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் நெல்லுக்கு மூன்று பட்டங்கள் வழங்குகின்றன. ஆகஸ்டில் நாற்றுவிட்டுத் தைப் பொங்கலை ஒட்டி அறுப்பது சம்பா. டிசம்பர், ஜனவரியில் தொடங்குவது நவரை. ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குவது சொர்ணவாரி. டெல்டா மாவட்டத்தார் குறுவை என்று பேசும்போது இப்பகுதியார் சொர்ணவாரி என்பர். ஏரி நிரம்பியபின் கையிருப்பு நீரைக் கண்ணால் பார்த்துத் தொடங்கும் பட்டம் என்பதால், சிறு விவசாயிக்கு நவரை ஆபத்து குறைந்தது. சொர்ணவாரி கிணற்றை மட்டுமே நம்பியது. மூன்று பட்டமும் நெல் என்று ஓட்டும் நிலத்தில் மண்ணும் கிணறும் களைத்துவிடும். ஒரு போகம் நெல், அடுத்தது உளுந்து அல்லது எள், கோடையில் பசுந்தாள் உரம் என்ற சுழற்சி ஓரிரு ஏக்கருக்குப் பொருத்தமானது.

வீட்டுக்கு எவ்வளவு நெல் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிட்டு மீதி நிலத்தைத் திட்டமிடலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 580 கிலோ. நெல்லில் மூன்றில் இரண்டு பங்கு அரிசியாகும் எனக் கொண்டால் 900 கிலோ நெல் போதும். நன்றாக விளையும் வயலில் ஓர் ஏக்கருக்கும் குறைவான இடத்தில் இது கிடைத்துவிடும். வீட்டு நெல்லுக்குப் பாரம்பரிய வகைகளைத் தேர்வது பலரது வழக்கம். பூங்கார் சுமார் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் எடுக்கும். வைக்கோலும் உயரமாகக் கிடைக்கும். உயரமான நெல்லுக்குத் தழைச்சத்தை அள்ளி வைத்தால் நவம்பர்க் காற்றில் சாய்ந்துவிடும். யூரியா பழக்கத்திலிருந்து மாறுபவர்கள் இதில் அதிகம் கவனம் வைக்க வேண்டும்.

நீரும் விதையும் குறைவாக உள்ளவர்க்குத் திருந்திய நெல் சாகுபடி உதவும். 1980-களில் மடகாஸ்கரில் ஆன்றி தெ லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறை இது. பதினான்கு நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். அப்படி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 64,000 குத்துகள் வரும். விதை இரண்டு, மூன்று கிலோ போதும், நாற்றங்கால் ஒரு சென்ட் போதும். பழைய முறையில் விதை 20 கிலோவுக்கும் மேல் செல்லும். வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை. பக்கங்களில் துளையிட்ட ஓரடி நீளக் குழாயைப் பாதிவரை மண்ணில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் அரையடி இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால் போதும். நீர் நிற்காத வயலில் களை வேகமாக வரும் என்பதே இதன் விலை. உருளும் களைக்கருவியைப் பத்து நாளுக்கு ஒருமுறை ஓட்ட ஆள் இல்லாத குடும்பம் இம்முறையில் இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். தறிக்கு முன்னுரிமை தரும் வீடுகளில் இந்த ஆள் கணக்கு எப்போதும் இடிக்கும்.

எருவும் பயிர்க் காப்பும்

தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதையை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது 40 முதல் 45 நாளில், மடக்கி உழுவது மிகச் செலவு குறைந்த எரு. விதைக்கச் சரியான காலம் கோடை மழை. வரப்பில் கிளைரிசிடியாவும் புங்கனும் நட்டால் தழைக்கு வெளியே போக வேண்டாம். சென்னையைச் சேர்ந்த மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணிலேயே வாழும் புழுக்களைப் பற்றி நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்துள்ளார். மண்ணில் ஈரமும் மூடாக்கும் இருந்தால் உள்ளூர்ப் புழு தானே வரும் என்பது சிறு பண்ணைக்கு நல்ல செய்தி. காசு கொடுத்துப் புழு வாங்கும் செலவு இல்லை.

கோ. நம்மாழ்வார் (1938–2013) தமிழ்நாடெங்கும் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய பின், பஞ்சகவ்யம், அமுதக் கரைசல் போன்ற பெயர்கள் சிற்றூர்களிலும் பழக்கமாகிவிட்டன. கொடுமுடி மருத்துவர் நடராசனால் பயிருக்குப் பரவலான பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி வீதம் கலந்து தெளிப்பர். இவை வளர்ச்சி ஊக்கிகள்; அடியெருவுக்கு மாற்று அல்ல. தொழுவுரம் போடாமல் கரைசலை மட்டும் தெளித்துவிட்டு இயற்கை முறையில் விளைச்சல் இல்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு கைக்கெட்டிய மருந்து. ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்துப் பத்து லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 கிராம் சோப்புக் கரைசல் சேர்த்து நூறு லிட்டராக்கி மாலை வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். வேப்பம்பழம் உதிரும் ஆனி, ஆடி மாதங்களில் பொறுக்கி நிழலில் காயவைத்தால்தான் புரட்டாசியில் பருப்பு இருக்கும். தேவைப்படும்போது தேடினால் கிடைக்காது. எலிக்கு, வயலில் ஆந்தை உட்கார ஏக்கருக்கு இருபது தாங்கிக் குச்சிகள் நடுவது வழக்கம். எலி வளையைக் கண்டு தோண்டுவதில் இருளர் மக்களுக்கு இணை இல்லை. வளையில் எலி சேர்த்துவைத்த நெல் அவர்களுக்கே உரியது என்பது பல ஊர்களின் வழக்கம். வரப்பில் கண்ட சாரைப் பாம்பை அடிக்காமல் விட்டாலே எலித் தொல்லை பாதி குறையும்.

வீட்டு நீரும் தறிக்குழியும்

தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எனவே 60 சதுர மீட்டர்க் கூரையில் 1,200 மில்லிமீட்டர் மழைக்கு 72,000 லிட்டர் விழும். சிதறலும் ஆவியாதலும் போக ஐந்தில் நான்கு பங்கு கையில் நிற்கும். இதில் 5,000 லிட்டர்த் தொட்டி நிறைய நூறு மில்லிமீட்டர் மழை போதும். ஐப்பசியின் இரண்டு அடைமழையில் முடிந்துவிடும். சமையலுக்கும் குடிக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றால் அந்தத் தொட்டி நான்கு மாதம் வரும். பருவத்தின் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். தொட்டியின் வாயை மெல்லிய துணியால் கட்டாவிட்டால் கொசுவே விளையும்.

தொட்டி நிரம்பி வழியும் நீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ விடுவது பொது வழக்கம். நெசவாளர் வீட்டில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. காஞ்சிபுரத்தின் பழைய வகைத் தறி குழித்தறி. நெசவாளர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை வைத்து மிதிபலகையை இயக்குவார். உறிஞ்சு குழியை வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டினால், நிலத்தடி நீர் மேலேறும் கார்த்திகையில் அந்த நீர் தறிக்குழிக்குள் வந்து நிற்கும். பாவும் ஈரம் பிடித்து வேலை நிற்கும். தறி அறைக்கு எதிர்ப்புறத்தில், நிலம் சரியும் திசையில், முடிந்தவரை தள்ளி உறிஞ்சு குழி அமைவது இத்தகைய வீட்டுக்கு இன்றியமையாதது. கூரைத் தூவானம் விழும் பக்கத்தில் ஒரு முழம் அகலத்துக்குத் தளம் போட்டு வெளியே சரிவு கொடுப்பதும் உதவும்.

பட்டு நூலின் பசை நீக்க சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிய நீரும், சாயத் தொட்டி நீரும் எந்தச் செடிக்கும் ஆகாது. வாழைக்கு விடலாம், அது எதையும் தாங்கும் என்ற பேச்சு தவறு. உப்பும் காரமும் மண்ணை இறுக்கிவிடும், சாயம் கிணற்றில் இறங்கும். வீட்டில் சிறு அளவில் சாயம் போடுபவர்கள் அந்த நீரைத் தனிக் கால்வாயில் பிரித்தாக வேண்டும். குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர் மட்டுமே கொல்லைக்கு ஏற்றவை. கழுவுநீர் பாயும் வழியில் முதலில் கல்வாழை, சேம்பு, அடுத்து வாழை, பப்பாளி என்று நட்டால் நீர் தேங்காது. கீரை, தக்காளி போன்று மண்ணைத் தொட்டு விளைபவற்றுக்குக் கிணற்று நீரே நல்லது.

கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, பந்தலில் அவரையும் சுரையும் என்பது எங்கும் உள்ளதுதான். இவ்வூருக்கென்று சேர்க்க வேண்டியது மந்தாரை. வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் காஞ்சிபுரம் இட்லி மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கப்படுவது. இலை தைத்து உண்கலமாகவும் பயன்படும். மரம் அதிக நீர் கேட்காது.

கோயில் நகரம் அருகில் இருப்பதன் இன்னொரு பயன் பூ. ஐந்து சென்ட் மல்லிகை, சாமந்தி, துளசி ஆகியவை நெல்லைப் போல ஆண்டுக்கு ஒருமுறை அன்றி அன்றாடம் சில்லறைக் காசு தருபவை. திருவிழாக் காலத்தில் விலை ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் தேவை கூடும். பூப்பறிக்க விடியற்காலையில் இரண்டு கைகள் வேண்டும் என்பதை மறந்துவிட்டு நிறைய நடுபவர்கள் பின்னர் வருந்துவர். அரளி நட்டால் மாடு எட்டாத இடத்தில் நட வேண்டும். அதன் இலை கால்நடைக்கு நஞ்சு.

மாடும் அடுப்பும்

ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாள்தோறும் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு, மூன்று மாடு இல்லாத வீட்டில் கலன் கட்டினால் அது சில மாதங்களில் வெறும் தொட்டியாகிவிடும். மானியம் கிடைக்கிறதா என்பதற்கு முன் சாணம் கிடைக்குமா என்று கேட்பது முறை. கலனிலிருந்து வரும் கழிவு நல்ல எரு என்பதால் சாணம் வீணாவதில்லை. ஒரே மாடு உள்ளவர்க்குத் தொழுவுரக் குழியே போதும். நான்கைந்து நாட்டுக்கோழிகள் கரையானையும் சமையல் மிச்சத்தையும் தின்று முட்டை தரும்; நாற்றங்கால் பக்கம் மட்டும் விடக்கூடாது. கால்நடை வளர்ப்புக்குக் காட்டாங்குளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் பயிற்சி தருகிறது.

விற்பனையும் கணக்கும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. சந்தை விலையில் மட்டும் கணக்குப் போட்டால் அது பெரும்பாலும் உண்மையே. வீட்டு அரிசி, பால், காய், விறகு ஆகியவற்றைக் கடை விலைக்குக் குறித்து வரவில் சேர்க்கும் வீட்டில்தான் சிறு பண்ணையின் உண்மையான பயன் தெரியும். ஒரு நோட்டில் ஆறு மாதம் குறித்தாலே எந்தப் பயிர் வீட்டைத் தாங்குகிறது, எது கௌரவத்துக்கு நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

மிஞ்சும் நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் விற்கலாம். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சொந்தக் களம் இல்லாத விவசாயிக்கு நவரை அறுவடை சித்திரை வெயிலில் வருவது இவ்வகையில் வசதி. காய்கறிக்கு உழவர் சந்தை, ராஜாஜி சந்தை ஆகியவை உள்ளன. சொட்டுநீர்க் கருவிக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது. வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயிச் சான்று கையில் இல்லாததாலேயே இதை இழப்பவர்கள் உண்டு.

நிலம் சுருங்குதல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளும் சென்னையின் விரிவும் ஏரி ஆயக்கட்டை வீட்டுமனைகளாக மாற்றிவருகின்றன. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குப் பரந்தூர் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம், நாகப்பட்டு, நெல்வாய் முதலிய ஊர்களின் வயல்களோடு ஏரிகளும் கால்வாய்களும் அத்திட்டப் பரப்புக்குள் வருகின்றன. ஏகனாபுரம் மக்கள் தொடர் போராட்டம் நடத்தியும், கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றியும் வந்துள்ளனர். ஏரிகள் ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததன் வரத்தாக அமையும் சங்கிலி முறையில் வெட்டப்பட்டவை. இடையில் ஒன்று மூடப்பட்டால் கீழுள்ள ஊருக்குக் கோடையில் நீர் இராது, 2015 போன்ற பெருமழையில் நீர் போக வழியும் இராது.

தனி வயல் அளவிலும் இதே கதை நடக்கிறது. தலைமடை வயல் மனையாகும்போது அதனூடே செல்லும் வாய்க்கால் தூர்க்கப்பட்டால் கீழுள்ள பத்து வயலுக்குப் பாசனம் நிற்கும். நிலம் உள்ளவர்கள் பட்டா, அடங்கலோடு நில்லாமல் புலப்பட நகலையும் வாங்கி வைத்திருந்தால் வாய்க்கால் எங்கே, எத்தனை அகலத்தில் சென்றது என்பதைக் காட்டலாம். வாய்க்கால் புறம்போக்கு என்று கிராமத்து 'அ' பதிவேட்டில் உள்ள இடத்துக்குத் தனியார் உரிமை கோர முடியாது. நீர்வளத்துறை ஏரிகளை அளந்து எல்லை குறிக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வழி செய்கிறது. மனு கொடுக்கும்போது புல எண்ணையும் நகலையும் சேர்த்து, ஒருவராக அன்றி மதகின் கீழுள்ள பாசனதாரர் அனைவரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது நடைமுறையில் அதிகம் கவனிக்கப்படுகிறது.